பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் பண்பாட்டைச் சொல்லும் கவிதை எழுதவும் அதை நாலு பேரோடு பகிரவும் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கேட்டவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தமிழாசிரியராக இருக்க வேண்டும். "நாலு பிள்ளைகள ரெடி பண்ணுங்க டீச்சர்" என்று ஏதாவது போட்டியைத் தலையில் கட்டியிருப்பார்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். நான் சேரன்மகாதேவி பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம், எங்கள் ஹெச்.எம். இந்தத் தளத்தை வாசிப்பவர்.

"நமது பண்பாடு" என்று மட்டும் தலைப்புக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் வருவது இரண்டே வகை. ஒரு வகை, கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தில் கிளம்பி ஜல்லிக்கட்டில் போய் நிற்கும். என் வகுப்பில் டிவியில் தவிர ஜல்லிக்கட்டு பார்த்த பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. இன்னொரு வகை, கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, வைக்கிற ஃப்ளெக்ஸிலிருந்து அப்படியே இறங்கி வரும். ஆண்ட பரம்பரை, சிங்கம், ரத்தம், மண்ணு.

இந்த இரண்டாவதை நம் திருநெல்வேலி ஜில்லாவில் பாடம் எடுப்பவர் யாரும் சிரித்துவிட்டுத் தாண்ட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே சாதிப் பகையில் வீடு புகுந்து ஒரு மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து ஒரு நபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் வந்த அறிக்கையில் சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற கலர் கயிறு வரைக்கும் எழுதியிருந்தது. அந்தக் கயிறுகளை நாங்கள் தினம் பார்க்கிறவர்கள். ஆக, ஒரு பிள்ளையிடம் "உன் பண்பாட்டை எழுது" என்றால், "நீ எந்தத் தெரு என்று எல்லார் முன்னாலும் சொல்லு" என்று அதன் காதில் விழ இடமுண்டு. சிலதுக்கு அது பெருமை. சிலது அன்றைக்கு நோட்டையே திறக்காது. இதைச் சொன்னால் "டீச்சரே சாதியை உள்ளே கொண்டுவருகிறார்" என்று யாராவது எழுதுவார்கள். ஐயா, அது எனக்கு முன்னாலேயே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் என் வகுப்பில் ஒரே ஒரு ஏற்பாடு. யார் வம்சம் என்று எழுதக்கூடாது, யார் கை என்ன வேலை செய்தது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். சொல்வதற்கு லேசு.

பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளை ஒருத்தி. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இதுதான் பிழைப்பு. முதலில் "தாயே நீ ஒரு தெய்வம், தியாகத்தின் மெழுகுவர்த்தி" என்று எழுதிக்கொண்டு வந்தாள். "உங்க அம்மாட்ட நீ பேசும்போ அம்மா என்ன செய்வா?" என்று கேட்டேன். "பீடி சுத்துவா." "திரும்பிப் பாப்பாளா?" யோசித்தாள். மறுநாள் இதைக் கொண்டுவந்தாள்:

அம்மா மடியில தட்டு
தட்டு நெறைய தூளு
நான் பேசுனா தலைய ஆட்டுவா
வெரலு எண்ணிக்கிட்டே இருக்கும்
இருவத்தஞ்சு சேந்து
நூலு கட்டுன பொறவுதான்
"என்னட்டி சொன்ன?"ம்பா.
அதுக்குள்ள எனக்கு மறந்துரும்.

ஒரு சொல்லைக்கூட நான் தொடவில்லை. "சேந்து" என்பதைச் "சேர்ந்து" என்று திருத்தக் கை வந்தது, அடக்கிக்கொண்டேன். உடனே "இலக்கணம் தெரியாதவள் சொல்லும் சமாதானம்" என்று கிளம்ப வேண்டாம். வெண்பாவுக்குத் தளை பார்த்துச் சொல்ல எனக்கும் தெரியும், பத்தாம் வகுப்புக்கு அலகிடுதல் நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன். தேர்வுத்தாளில் பேச்சு வழக்கு எழுதினால் மதிப்பெண் குறைக்கிறவளும் நானேதான். அது வேறு, இது வேறு.

இந்தக் கவிதையைப் பள்ளிகளுக்கு இடையிலான ஒரு போட்டிக்கு அனுப்பினோம். இங்கே கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன், வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். நடுவராக வந்தவர் பெயருக்கு முன்னால் இரண்டு பட்டம், பின்னால் ஒரு பட்டம். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டுக்கு வந்தார். பொன்னாடையை வாங்கிக்கொண்டு தன்னுடைய நூல்களைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பிள்ளைகள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு இருந்தன. இவள் வாசித்து முடித்ததும் "கரு நன்று, நடை கொச்சை" என்று ஒரே வரி. பரிசு ஒரு மெழுகுவர்த்திக்குப் போனது. நிஜமாகவே அந்தக் கவிதையில் மெழுகுவர்த்தி இருந்தது. திரும்புகிற பஸ்ஸில் அவள், "டீச்சர், கொச்சன்னா அசிங்கமா?" என்று கேட்டாள். இதே பட்டக்காரர்கள்தான் மேடையில் நாட்டுப்புறப் பாட்டு அழிகிறது என்று கண்ணைத் துடைக்கிறார்கள். சரி, விடுங்கள்.

எழுதவே வராத பிள்ளைக்கு என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். பட்டியல் போடச் சொல்லுங்கள். முக்கூடற்பள்ளைப் பாருங்கள், உழவர் வாழ்க்கையைப் பாடுகிற, எழுதியவர் பெயரே தெரியாத பழைய நூல். அதில் பாதி ஆர்ப்பாட்டம் பட்டியல்தான். நெல் வகை ஒரு பாட்டு, மாட்டு வகை ஒரு பாட்டு, ஆற்று மீன் ஒரு பாட்டு. (பள்ளு பாடும் முக்கூடல், பீடிக்குப் பேர்போன இன்றைய முக்கூடல் இல்லை. சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேருகிற சீவலப்பேரிப் பக்கம். இதை ஆசிரியர்களே மாற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.) அதை வகுப்பில் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு, உங்கள் வீட்டில் என்னென்ன பெயர் புழங்குகிறதோ அதையெல்லாம் எழுதுங்கள் என்றேன். வயல் உள்ள வீட்டுப் பிள்ளைகள் கார், பிசானம் என்று சாகுபடிப் பருவங்களை எழுதின, அம்பை 16 என்ற நெல்லை எழுதின, பாபநாசம் அணையில் 143 அடிக்கு இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்று தாத்தா பேப்பரில் முதலில் பார்ப்பதை எழுதின. பத்தமடையிலிருந்து வருகிற பிள்ளை பாய் முடைகிற கோரையை ஆற்றில் ஊறப்போட்டு எடுக்கும்போது வருகிற வாடையை எழுதியது. அப்பா திருப்பூரில் இருக்கிற பையன் பனியன் கம்பெனிச் சொற்களாக எழுதினான். பட்டியலை வாசித்தபோது எந்தத் தெருவும் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பிறகு அதிலிருந்து ஒரு பெயரை மட்டும் எடுத்து எட்டு வரி எழுதச் சொன்னால் போதும்.

எல்லாரிடமும் இது பலித்தது என்று சொல்ல மாட்டேன். ஃப்ளெக்ஸ் வரி எழுதிய பையனிடம் அப்பா வேலையை எழுதச் சொன்னேன். கதிர் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவர் அவர். "அது என்ன பெரும டீச்சர்" என்றான். அதற்கப்புறம் அவன் எழுதவே இல்லை. அவனிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

பகிர்வது பற்றிக் கேட்டீர்களே, அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருவன், அவன் ஆச்சி அந்த வட்டாரத்தில் ஒப்பாரி எடுத்துக் கொடுக்கிறவர். சாவு வீட்டில் அவர் தொடங்கினால்தான் மற்ற பெண்கள் சேருவார்கள். "எங்க ஆச்சி பாட்ட எழுதிட்டு வரட்டா?" என்றான். எனக்கு வாயெல்லாம் பல். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் இலக்கியம்தான் என்று அந்தக் காலத்திலேயே தேடித் தேடித் தொகுத்தவர். அந்த மண்ணில் வேலை பார்த்துக்கொண்டு வேண்டாம் என்பேனா? ஆனால் பையன் வெறும் நோட்டோடு வந்தான். ஆச்சி வீட்டுக்குள் பாட மாட்டேன் என்றுவிட்டார். நல்லாயிருக்கிற வீட்டில் ஒப்பாரிச் சத்தம் கேட்கக்கூடாதாம். இது எனக்குத் தெரிந்த சங்கதிதான், என் அம்மாவும் அப்படித்தான் ஏசுவாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை ஆச்சியே கன்னடியன் கால்வாய்க் கரைக்கு வரச் சொன்னார். போனேன். மருத மரத்தடியில் உட்கார்ந்து முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார். முதல் இரண்டு பாட்டு எனக்காகப் பாடினார். மூன்றாவதில் குரல் மாறிவிட்டது, செத்துப்போன தாத்தாவைப் பேர் சொல்லாமல் கூப்பிட்டு அழுதார். பையன் பேனாவை மூடி வைத்துவிட்டான். முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "இத எதுக்கு டீச்சர் எழுதுதிய? செத்தவுகளுக்குச் சொன்னத உள்ளவுகளுக்கு வாசிப்பியளா?" என்று கேட்டார். நான் ஏதோ சொன்னேன். "செல்லுல மட்டும் போட்டுறாதீய" என்றார். எழுந்து வாய்க்காலில் இறங்கிக் கால், கை, முகம் எல்லாம் கழுவிக்கொண்டுதான் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

பையன் ஆச்சியின் பாட்டை எழுதவில்லை. அவன் எழுதியது இது:

பாட்ட வாய்க்காலோட விட்டுட்டு
கால் கழுவிட்டு வந்தா ஆச்சி.
வாசல்ல நின்னு
"ஏல, பசிக்கா?"ன்னா.
அதே தொண்ட.

இதை ஆண்டு விழாவில் வாசிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு வெறி. ஹெச்.எம். ஒரே பேச்சு: மங்கலமான நிகழ்ச்சியில் ஒப்பாரி விவகாரம் வேண்டாம். எனக்கு வந்த கோபத்தில் ஆச்சியிடமே போய் முறையிட்டேன். ஆச்சி என்ன சொன்னார் தெரியுமா? "ஹெச்செம்மு சொன்னது சரிதான டீச்சர். வெளக்கேத்துத எடத்துல அதெதுக்கு?" அதற்கு மேல் நான் யாரிடம் போய்ப் பேச?

ஆகவே வகுப்பிலேயே வாசித்தோம், வில்லுப்பாட்டு முறையில். முதன்மைப் பாடகரான அண்ணாவி ஓர் அடி சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" போடுவார்கள், நம் பிள்ளைகள் கொடைக்குக் கொடை கேட்டு வளர்ந்த சங்கதி. வாசிக்கிற பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரை உட்கார வைத்தேன். வரிக்கு வரி "ஆமா", நடுவில் "அப்படியா?", "பொறவு?". தலை நிமிராமல் முணுமுணுக்கிற பிள்ளைகூட இரண்டாவது ஆமாவுக்குச் சத்தமாக வாசிக்கும். ஆமா போட்டே ஆக வேண்டும் என்பதால் மற்றவர்களும் காது கொடுக்கிறார்கள். பேச வேண்டியதில்லை என்பதால் கூச்சமுள்ளதுகள் முதலில் ஆமா போட வரும், நாலு வாரத்தில் நடுவில் உட்காரும். ஒரு தெருக்காரன் வாசிக்க இன்னொரு தெருக்காரன் ஆமா போடும்படி நான் பார்த்துத்தான் உட்கார வைப்பேன். அதை வெளியே சொல்வதில்லை.

வெளியே பகிர்வதற்கு நாங்கள் வைத்திருப்பது கையெழுத்துப் பத்திரிகைதான். பிள்ளைகளே எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்து, யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்கள் வீட்டுக்கு முதல் பிரதி. பீடிக் கவிதையைப் படித்துவிட்டு அந்த அம்மா, "நான் அப்பிடியா டீச்சர் இருக்கேன்?" என்று பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார், கொஞ்சம் சண்டைக்கும் கொஞ்சம் பெருமைக்குமாக. வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமே என்பீர்கள். போடலாம், வீட்டில் சரி என்றால். சரி என்று பிள்ளை சொன்னால் போதாது, பாட்டுக்குச் சொந்தக்காரர் சொல்ல வேண்டும். ஆச்சி வேண்டாம் என்றார், அதனால் அந்த மூன்று பாட்டும் என்னிடம் எழுத்தாகவும் இல்லை, குரலாகவும் இல்லை. ஆராய்ச்சி செய்கிற தம்பி ஒருவர் "எவ்வளவு பெரிய இழப்பு மேடம்" என்று வருத்தப்பட்டார். வேண்டுமானால் அவரே கால்வாய்க் கரைக்குப் போய் ஆச்சியிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

நேரம் எங்கிருந்து கிடைக்கும் என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். வாரத்துக்கு ஒரு பீரியடாவது கிடைத்தால் நல்லது. ஆனால் பாதி நாள் செல்போனில் வருகைப்பதிவு, ஃபோட்டோ, படிவம் என்று ஏற்றுவதற்கே சரியாய்ப் போகிறது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் போட்டி போட்டுக்கொண்டு கேட்க மாட்டார்கள்.