கார் பெயிண்டில் ஸ்வர்ல் மார்க்: முதலில் பேட், அப்புறம் பாலிஷ்

கேட்டிருப்பது: "மூன்று வருடக் கறுப்பு கார். வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள். டிஏ மெஷின் வாங்கப் போகிறேன். எந்த பாலிஷ், எந்த பேட் வாங்கட்டும்?"

(டிஏ என்பது டூயல் ஆக்‌ஷன்: சுற்றிக்கொண்டே சற்று அலையும் பாலிஷ் மெஷின். பேட் என்பது அதன் முனையில் ஒட்டும் மெத்தை, பாலிஷைத் தேய்ப்பது அதுதான்.) ஏற்கெனவே வந்த பதில்கள் எல்லாம் ஆளுக்கொரு பாட்டில் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கின்றன. அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரே பாலிஷ், முரட்டு பேடில் போட்டால் வெட்டும். மெத்தென்ற பேடில் போட்டால் மெருகேற்றும். பேட் என்ன என்று சொல்லாமல் பாலிஷை மட்டும் சொல்வது, அடுப்பு எவ்வளவு எரிய வேண்டும் என்று சொல்லாமல் பாகு காய்ச்சச் சொல்வது போல.

உங்களிடம் இருப்பது தொழிற்சாலையில் அடித்த கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) என்று எடுத்துக்கொள்கிறேன். இடையில் டிங்கரிங் செய்து திரும்ப அடித்த டோர் இருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள். மறுபூச்சு மென்மையாகவும் இருக்கும், சில இடத்தில் ஆபத்தான அளவு மெல்லியதாகவும் இருக்கும்.

நிறத்தின் மேல் இருக்கும் அந்தக் கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான்தான். ஜெராக்ஸ் தாள் ஒன்றே ஏறக்குறைய 100 மைக்ரான். ஸ்வர்ல் மார்க் என்பது அதன் மேல்பரப்பில் விழுந்த நுண்கீறல். பாலிஷ் அந்தக் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் பரப்பைக் கீறலின் அடிவரைக்கும் இறக்குகிறது. நிதானமாகச் செய்தால் ஒன்றிரண்டு மைக்ரானோடு முடியும். வருடத்துக்கு இரண்டு தடவை காம்பவுண்ட் (கனமாக வெட்டும் முரட்டு பாலிஷ்) போட்டு 'பளபள' ஆக்குபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறலைத் துரத்தாதீர்கள். ஓரம் மழுங்கினால் அவ்வளவாகக் கண்ணில் படாது, அது போதும். 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போடச் சொல்லி யாராவது கமெண்டில் வந்தால், பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று: கோடுகள் வட்டமாகத் தெரிவதால் யாரோ வட்டமாகத் துடைத்ததுதான் காரணம் என்று நினைக்கிறார்கள். கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால், விளக்கைச் சுற்றி வட்டம் போலத் தெரிகிறது. டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும்.

பேட் விஷயத்துக்கு வருவோம். டிஏ மெஷினுக்கு மூன்று வகை: ஃபோம், மைக்ரோஃபைபர், கம்பளி. உங்களுக்கு ஃபோம் போதும். மைக்ரோஃபைபர் வேகமாக வெட்டும், ஆனால் மென்மையான கறுப்பு பெயிண்டில் மெல்லிய பால் படர்ந்த மாதிரி மங்கலை விட்டுவிடும். அதை எடுக்க இன்னொரு சுற்று பாலிஷ் கட்டாயம். ஃபோமிலேயே வெட்டுவது, நடுத்தரம், ஃபினிஷிங் என்று தரம் உண்டு. நிறத்தை நம்பி வாங்கிவிடாதீர்கள். லேக் கன்ட்ரியின் வழக்கமான ஃபோமில் மஞ்சள் என்றால் கடுமையாக வெட்டுவது. ரூபெஸில் மஞ்சள் என்றால் மென்மையான பாலிஷிங் பேட். கடைக்காரர் "மஞ்சள் போடுங்க சார்" என்றால் எந்தக் கம்பெனி மஞ்சள் என்று கேளுங்கள்.

பாட்டிலில் இருக்கும் எண்ணும் அப்படித்தான். மென்ஸெர்னாவில் 400 என்பது கனமாக வெட்டும் காம்பவுண்ட், 2500 நடுத்தரம், 3500-ம் 3800-ம் ஃபினிஷிங். எண் ஏற ஏற மென்மை. மெகுயார்ஸில் எம்105 வெட்டுவது, எம்205 ஃபினிஷிங். ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனியின் எண்ணோடு ஒப்பிட முடியாது. பாலிஷில் உள்ள அரைதுகளும் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் தேய்க்கத் தேய்க்கத் துகள் உடைந்து பொடியாகும். பாதியில் நிறுத்தினால் மங்கல்தான் மிஞ்சும், பாலிஷ் கண்ணாடி போல மெலியும் வரை ஓட்ட வேண்டும். மெகுயார்ஸின் அந்த இரண்டிலும் துகள் உடையாது, கடைசிவரை அதே அளவில் வெட்டும். அங்கே பேடைச் சுத்தமாக வைப்பதுதான் முக்கியம்.

வாங்க வேண்டியது: 5 அங்குல பேக்கிங் பிளேட் (மெஷினில் பேடைத் தாங்கும் தட்டு), அதற்கு 5.5 அங்குல நடுத்தர ஃபோம் பேட் நான்கு, ஃபினிஷிங் பேட் இரண்டு, கண்ணாடிக்குப் பக்கத்திலும் பம்பர் வளைவிலும் போக 3 அங்குலத்தில் இரண்டு. பிளேட்டை விட பேட் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். பிளேட்டின் ஓரம் பெயிண்டில் பட்டால் அந்தக் கீறலை எந்த பாலிஷும் எடுக்காது. பாலிஷ், ஃபினிஷிங்கில் ஒன்று, நடுத்தரத்தில் ஒன்று; ஒரு செடானுக்கு 250 மி.லி. தாராளம். கனமான காம்பவுண்டை இப்போதே வாங்காதீர்கள். ஒரு பேடில் ஒரு பாலிஷ்தான். காம்பவுண்ட் பட்ட பேடைக் கழுவி ஃபினிஷிங்குக்குப் போடுவது வேண்டாத சிக்கனம்.

வண்டியைக் கழுவி, இரும்புத்துகள் எடுக்கும் திரவம் அடித்து, பிறகு வழுக்கும் திரவம் விட்டுக் களிமண் கட்டியால் (கார் பெயிண்டுக்கென்றே விற்கும் கிளே பார்) மெல்லத் தேய்த்து எடுங்கள். கை வைத்தால் சொரசொரப்பு இருக்கக் கூடாது. ஒட்டிய தூசியோடு பாலிஷ் போட்டால் பேடே வாட்டர் பேப்பர் ஆகிவிடும். களிமண் கட்டி கீழே விழுந்தால் எடுத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம், தூக்கிப் போடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், பானட் ஓரங்கள், டோரின் மடிப்புக் கோடு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். அந்த விளிம்புகளில்தான் பெயிண்ட் மெலிந்திருக்கும்.

இப்போது சோதனைக் கட்டம். பானட்டில் 50 செ.மீ.க்கு 50 செ.மீ. டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் ஃபினிஷிங் பாலிஷை ஃபினிஷிங் பேடில். போகவில்லையா? பாட்டிலை மாற்றாதீர்கள், பேடை மாற்றுங்கள்: அதே பாலிஷ், நடுத்தர பேட். அப்போதும் பாதிதான் போயிற்று என்றால் நடுத்தர பாலிஷ், நடுத்தர பேட். மூன்று வருடக் கறுப்பு வண்டியில் இரண்டாவது அல்லது மூன்றாவது படியிலேயே வேலை முடிவதுதான் வழக்கம். எது வேலை செய்கிறதோ அதுதான் உங்கள் வண்டிக்கான பதில். பக்கத்து வீட்டு வண்டிக்கு வேறாக இருக்கும். ஜப்பான் கார்கள் மென்மை, ஜெர்மன் கார்கள் கடினம் என்பார்கள். பொதுவாகச் சரி, ஆனால் அதை வைத்துப் பொருள் வாங்கக் கூடாது.

புது பேடில் முதல் தடவை பேடின் பரப்பு முழுக்க பாலிஷைத் தடவி ஊறவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு போதும். மெஷினை நிறுத்தி வைத்தே பெயிண்டில் ஒத்தி எடுத்து, வேகம் 1-இல் பரப்பி, பிறகு 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். கை நகரும் வேகம் நொடிக்கு ஓர் அங்குலம். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் பாதியை மூட வேண்டும். நெடுக்காக இரண்டு, குறுக்காக இரண்டு, தேவைப்பட்டால் இன்னும் இரண்டு. பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அந்தக் கோடு சுற்றுவது தெரிந்தால் பேட் சுற்றுகிறது, நின்றுவிட்டால் அதிகமாக அழுத்துகிறீர்கள். வளைவில் பேட் சாய்ந்தாலும் சுற்று நின்றுவிடும், வெட்டு பூஜ்யம். ஃபினிஷிங்குக்கு மெஷினின் எடையே போதும்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடை பிரஷால் தேய்த்து உதறுங்கள். கறைபடிந்து கனத்த பேட் வெட்டாது, சூடுதான் ஏற்றும். இரண்டு மூன்று பேனலுக்கு ஒரு பேட் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும், அதற்காகத்தான் நான்கு.

ஒவ்வொரு கட்டத்தையும் தண்ணீர் கலந்த ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் (10 முதல் 20 சதவீதம்) துடைத்துவிட்டுப் பாருங்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலில் இறங்கி மறைத்துக் காட்டும். பட்டறையில் "சூப்பரா போச்சு" என்று வாங்கி வந்த வண்டியில் மூன்றாவது வாஷில் கோடுகள் திரும்ப முளைப்பது இதனால்தான். கீறல் எங்கேயும் போகவில்லை, மறைந்திருந்தது. ட்யூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்இடி டார்ச் அல்லது நேர் வெயில். ஆனால் வேலை செய்வது நிழலில், பேனல் தொட்டால் குளிர்ந்திருக்கும் நேரத்தில். நம் ஊரில் காலை ஒன்பதரைக்குமேல் திறந்த வெளியில் பாலிஷ் காய்ந்து மாவாகப் பறக்கும்.

பம்பரில் கவனம். அடியில் பிளாஸ்டிக், சூடு பரவ வழியில்லை. ஒரே இடத்தில் நின்றால் பெயிண்ட் குழைந்து சுருங்கும். வேகத்தைக் குறைத்து, கையை நிறுத்தாமல் ஓட்டுங்கள். பேடில் வண்டியின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள், கிளியர் கோட் முடிந்துவிட்டது. (பழைய அம்பாசடர், மாருதி 800 போன்றவற்றில் கிளியர் கோட்டே இல்லாத பெயிண்ட் உண்டு, அங்கே நிறம் ஒட்டுவது இயல்பு.)

"ரோட்டரியில் இருபது வருஷமா செய்றோம், டிஏ எல்லாம் பொம்மை" என்று எழுத வருபவர்களுக்கு: ரோட்டரி (அலையாமல் ஒரே மையத்தில் சுற்றும் மெஷின்) வேகமாக வெட்டும், யாரும் மறுக்கவில்லை. கேட்டவர் முதல் தடவை மெஷின் பிடிக்கப் போகிறார். ரோட்டரி கறுப்பு வண்டியில் விடும் ஹோலோகிராம் வால்களை (வெயிலில் மின்னும் மெஷின் தடங்களை) எடுக்கக் கடைசியில் நீங்களும் டிஏ-வைத்தான் தேடுகிறீர்கள்.

செராமிக் கோட்டிங் போட்டால் ஸ்வர்ல் போய்விடுமா என்றும் கேட்பார்கள். போகாது. கீறலோடு சேர்த்துப் பூட்டிவைக்கும். விளம்பரத்தில் வரும் '9எச்' என்பது பென்சில் கீறல் சோதனையின் அளவு. வைரத்தின் கடினத்தைச் சொல்லும் பத்துப் புள்ளி அளவோடு அதைக் குழப்பி, "வைரத்துக்கு அடுத்தது" என்று சொல்லி ஐந்து இலக்கத்தில் பில் போடுகிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்வர்ல் என்றாலே குடியிருப்பில் காலையில் வண்டி துடைக்கும் ஆள்மேல் பழி போடுகிறோம். ஏழு மணிக்குள் இருபது வண்டி, ஒரே வாளி, அதிலும் அரை வாளிக்கு மேல் கொடுக்க அசோசியேஷனுக்கு மனமில்லை. மாதச் சம்பளத்தில் ஐம்பது ரூபாய் ஏற்ற மீட்டிங் போட்டுப் பேசுபவர்கள், அவரிடம் எப்படி இரண்டு வாளி முறையை (சோப்புக்கு ஒன்று, துணி அலச ஒன்று) எதிர்பார்க்கிறார்கள்? உங்கள் வண்டிக்குத் தனித் துணி நான்கு வாங்கிக் கொடுங்கள், தூசி இருந்தால் தண்ணீர் விடாமல் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். தினமும் துடைக்க வேண்டாம், வாரம் ஒரு தடவை போதும், பணம் அதே என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். தூசி படிந்த வண்டிமேல் கவர் போடுவதும் அதே தேய்ப்புதான். அதற்கு யாரைத் திட்டுவது?

வேலை முடிந்த அன்றே பேடுகளைப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், உள்ளங்கையால் அமுக்கிப் பிழியுங்கள். வெல்க்ரோ பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் பசை விட்டு, அடுத்த தடவை மெஷின் ஓடும்போது ஃபோம் மட்டும் தனியாகப் பறக்கும்.