காய்ச்சலில் சிறுநீர் கறுத்தால்: தசைச் சிதைவு பற்றிய கேள்வி பதில்

தருமபுரியில் பொது மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில், கடுமையான வைரஸ் காய்ச்சலில் தசையும் சிறுநீரகமும் பாதிக்கப்படுவது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பாலக்கோடு: பன்றிக் காய்ச்சலால் மூச்சுத் திணறிய என் கணவர் தீவிர சிகிச்சையில் இருக்கிறார். தசை கரைந்து கிட்னி பாதித்துவிட்டது என்கிறார்கள். நுரையீரல் நோய்க்கும் தசைக்கும் என்ன சம்பந்தம் ஐயா?

அம்மா, கடும் காய்ச்சல், ஆக்சிஜன் குறைவு, உடல் வறட்சி, வைரஸை எதிர்த்து உடலே கிளப்பும் அழற்சி ஆகியவை சேர்ந்து தாக்கும்போது தசை இழைகளின் உறை கிழிந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற சிவப்பு நிறப் புரதமும் இரத்தத்தில் கொட்டிவிடுகின்றன. அந்தப் புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் கட்டியாகி அடைப்பதோடு, அதிலுள்ள இரும்பு குழாய்ச் சுவரையும் புண்ணாக்குகிறது. 1941-ல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் நசுங்கி மீட்கப்பட்டவர்களிடம் பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் விவரித்ததும் இதே கேடுதான். அங்கே சுவர் நசுக்கியது, இங்கே நோய் சிதைக்கிறது.

அப்போது சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் இறங்கும். சோதனைப் பட்டையை நனைத்தால் இரத்தம் இருப்பதாகப் பச்சையாக மாறும், ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு பெரும்பாலும் தென்படாது. சிறுநீரகத்தைக் காக்க உப்புநீரை நரம்பில் நிறைய ஏற்ற வேண்டும் என்றாலும் நீர் கோத்த நுரையீரல் அதைத் தாங்காது என்பதால், மருத்துவர்கள் மணிக்கு மணி அளந்துதான் ஏற்றுவார்கள். சிறுநீர் எவ்வளவு பிரிகிறது, பொட்டாசியம் எவ்வளவு என்ற இரண்டையும் தினமும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டயாலிசிஸ் என்றதும் ஆயுள் முழுவதும் என்று கலங்க வேண்டாம். இந்த நோயிலிருந்து பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் சில வாரங்களில் தேறிவிடுகிறது. பொட்டாசியம் நிறைந்தது என்பதால் வீட்டிலிருந்து இளநீர் கொண்டுபோகவே வேண்டாம்.

ஓசூர்: காய்ச்சலில் சி.கே. அளவு 420 என்று வந்திருக்கிறது. ஆபத்தா?

இல்லை. சி.கே. (கிரியாட்டின் கைனேஸ்) என்பது தசை சிதையும்போது இரத்தத்தில் கசியும் நொதி. அது 1000-ஐத் தாண்டினால்தான் தசைச் சிதைவு என்போம்; 5000-க்கு மேல் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடும்.

பென்னாகரம்: ஏழு வயதுப் பையனுக்குச் சளிக் காய்ச்சல் தணிந்த மறுநாள் கெண்டைக்கால் வலித்து, நுனிக்காலில் நடக்கிறான்.

ஃபுளூ காய்ச்சல் விடும் நேரத்தில் பிள்ளைகளுக்கு வரும் தசை அழற்சியாக இருக்கலாம், அது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே சரியாகிவிடும். ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரை வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பாருங்கள். கறுத்திருந்தாலோ, கால் வலுவிழந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அரூர்: உடம்புவலி தாங்கவில்லை, வலி ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. டைக்ளோஃபினாக் ஊசியும் ஐபுபுரூஃபன் மாத்திரையும் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். அளவோடு பாராசிட்டமால் போதும்.

காரிமங்கலம்: ஒரே ஒரு வலி ஊசி என்றால்?

மேலே சொன்ன பதிலை மறுபடி படியுங்கள். இதே கேள்வி இன்று நான்காவது முறையாக வருகிறது. உடல் வறண்ட நிலையில் அந்த ஒன்றே சிறுநீரகத்தைக் கெடுத்து நான் பார்த்திருக்கிறேன்.

காவேரிப்பட்டணம்: எங்கள் தோப்பு இளநீரைக் குடித்துத்தான் என் அப்பா காய்ச்சலில் தேறினார். அதையும் குறை சொல்கிறீர்களே?

ஐயா, சிறுநீர் நன்றாகப் பிரிகிற, சிறுநீரகம் சீராக உள்ள ஒருவர் சாதாரணக் காய்ச்சலில் இளநீர் குடிப்பதை நான் தடுக்கவில்லை. தசை சிதைந்தவரின் இரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறியிருக்கும், அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமும் அடைபட்டிருக்கும். 200 மில்லி இளநீரில் ஏறக்குறைய 400 முதல் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது.

அதே அன்பர்: வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புக் கரைசலிலும் பொட்டாசியம் உண்டே? அது மட்டும் எப்படி நல்லது?

நியாயமான கேள்வி. வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் உடலைவிட்டு வெளியேறுவதால் அதை ஈடுகட்டுகிறோம். இங்கே அது வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. இரத்தத்தில் அதன் இயல்பான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறி, சட்டென்று நின்றும் போகலாம். உங்கள் தோப்பின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அப்பா தேறியதில் மகிழ்ச்சி.

ஊத்தங்கரை: சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டு நல்லதா?

இது இந்தப் பொருளில் சேராது. சிறுநீரியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

பர்கூர்: கிரானைட் குவாரியில் வேலை செய்யும் என் தம்பி இதே நோயிலிருந்து தேறி வீடு திரும்பியிருக்கிறான். எப்போது வேலைக்கு அனுப்பலாம்?

சி.கே., கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) இரண்டும் இயல்புக்கு வந்ததை இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்த பிறகே அனுப்புங்கள். முதல் சில வாரங்கள் பாரம் தூக்காத வேலை கொடுக்கச் சொல்லுங்கள்; வெயிலில் நிற்கும் நாளில் தண்ணீர்க் குடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மறுபடி தசை வலித்துச் சிறுநீர் கறுத்தால், வேலையை அங்கேயே விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வரச் சொல்லுங்கள்.