பாக்டீரியா திசையறியும் விதம்: சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சேலம், முதுகலை நுண்ணுயிரியல் மாணவி: அம்மா, ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா தன் உடலின் இரு முனைகளிலும் உள்ள உணவுப் பொருளின் செறிவை ஒப்பிட்டுத்தான் உணவை நோக்கிப் போகிறதா?

இல்லை. ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் நீளமே உள்ள அது, சற்று முன் உணர்ந்த செறிவை இப்போது உணர்வதோடு ஒப்பிடுகிறது. 1972இல் மேக்னாப், கோஷ்லண்ட் என்ற ஆய்வாளர்கள் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா இருந்த திரவத்தில் செரின் என்ற அமினோ அமிலத்தை நொடிக்குள் சீராகக் கலந்தார்கள்; எந்தத் திசையிலும் ஏற்றத்தாழ்வே இல்லாதபோதும், செறிவு உயர்ந்ததும் அவை திசைமாறாமல் நீந்தின, குறைந்ததும் அடிக்கடி புரண்டு திசைமாறின, சற்று நேரத்தில் பழைய இயல்புக்குத் திரும்பின. இத்துறையில் இதைவிடத் தெளிவான சோதனையை நான் அறியேன். அதே ஆண்டு பெர்க், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் பின்தொடரும் நுண்ணோக்கியால் ஈ. கோலையைக் கவனித்து, ஏறத்தாழ ஒரு நொடி ஓட்டம், பத்தில் ஒரு நொடி புரளல் என்று அளந்தார்கள். ஈர்க்கும் பொருள் கூடும் பக்கம் ஓட்டம் நீள்கிறது.

அதே மாணவி: பழைய இயல்புக்குத் திரும்புவது ஏன்?

ஈர்க்கும் பொருள், அதை உணரும் புரதமான ஏற்பியில் ஒட்டியதும், கீ-ஒய் (CheY) என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றும் கீ-ஏ (CheA) நொதியின் வேகம் தணிகிறது. அதனால் புரளலைத் தூண்டும் பாஸ்பேட் ஏறிய கீ-ஒய் குறைந்து, நீந்த உதவும் கசையிழைகள் இடஞ்சுழியாகச் சுழன்று ஒரே கற்றையாகின்றன. பிறகு கீ-ஆர் (CheR) என்ற நொதி ஏற்பியில் மெத்தில் தொகுதிகள் என்ற சிறு வேதித் துண்டுகளைச் சேர்த்து கீ-ஏவின் வேகத்தை மீட்கிறது, கீ-பி (CheB) என்ற நொதி அவற்றை நீக்குகிறது. இந்த மெத்தில் கணக்குதான் பாக்டீரியாவின் நினைவு. ஆகவே மாறும் சூழலை ஆராய்பவர்கள், செறிவின் அளவோடு அது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதையும் கட்டாயம் குறிக்க வேண்டும்.

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்: மண்ணிலும் இப்படி நடக்குமா?

நடக்கும். வேர் கசியும் அமினோ அமிலங்களும் கரிம அமிலங்களும் சூடோமோனாஸ் போன்ற மண் பாக்டீரியாக்களை ஈர்க்கின்றன. ஆனால் நீந்துவதற்கு மண்துகள்களின் மேல் நீர்ப்படலம் வேண்டும்.

ஆத்தூர், பள்ளி ஆசிரியர்: மாணவர்களுக்கு இதைக் காட்ட முடியுமா?

முடியும், ஆனால் கல்லூரி ஆய்வகமே தகுந்த இடம். டிரிப்டோன் என்ற புரத ஊட்டம் கலந்த 0.25 விழுக்காட்டு மென் அகார்க் கூழ்த் தட்டின் நடுவில் தீங்கற்ற கே-12 வகை ஈ. கோலையை இட்டால், அது செரினையும் அஸ்பார்டேட் என்ற இன்னொரு அமினோ அமிலத்தையும் அடுத்தடுத்துத் தின்றபடி வளையங்களாகப் பரவும். தட்டை 30 டிகிரியில் வையுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் அறை 37ஐத் தாண்டினால் கசையிழைகளே குறைந்துவிடும்.