அமெரிக்காவில் மிஸ்டிமீனர் (சிறு குற்றம்) வகைப் போதைப்பொருள் வழக்கு, வக்கீல் வைக்கப் பணமில்லை. நானே வாதாடலாமா?

வேண்டாம். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த ஆர்ஜர்சிங்கர் தீர்ப்பின்படி, சிறைக்கு அனுப்பும் வழக்கு எவ்வளவு சின்னதாக இருந்தாலும், வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தரவேண்டும். வெறும் அபராதத்தோடு முடிகிற வழக்குக்கு அந்த உரிமை கிடையாது, ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

முதல் நாள் நீதிமன்றத்தில் பெயரைக் கூப்பிட்டதும், "வக்கீல் வைக்க வசதியில்லை, பப்ளிக் டிஃபெண்டர் (அரசு தரும் வக்கீல்) வேண்டும்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சம்பளம், கடன், வீட்டில் எத்தனை பேர் என்றெல்லாம் ஒரு படிவத்தில் கேட்பார்கள். பொய் எழுதினால் அது தனி வழக்கு.

அப்புறம், வக்கீலிடம் பேசும்வரை குற்றத்தை ஒப்புக்கொள்ளவே கூடாது. "அபராதம் கட்டிவிட்டு இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று அரசுத் தரப்பில் சொல்லும்போது ஆசையாகத்தான் இருக்கும், அதுவும் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவருக்கு.

நீங்கள் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்தால் விஷயம் இன்னும் சிக்கல். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள் கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு வழக்கைத் தவிர, போதைப்பொருள் தண்டனை எதுவானாலும் நாடுகடத்தக் காரணமாகலாம். சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்தால் வழக்கே தள்ளுபடி என்பார்கள். அதற்காக முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் குடிவரவுச் சட்டம் அதையும் தண்டனையாகவே எண்ணக்கூடும். இந்த ஆபத்தை வக்கீல் சொல்லியாக வேண்டும் என்று 2010-இல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, ஆனால் அவர் கையில் ஏகப்பட்ட வழக்குகள் இருக்கும், ஆகவே "நான் சிட்டிசன் இல்லை" என்பதை நீங்களே முதல் வரியில் சொல்லிவிடுங்கள்.