20 ஆண்டுத் தண்டனை, இரண்டாம் ஆண்டில் வீதியில் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். குடியாத்தம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் அண்ணன் மகளுக்கு நடந்த கொடுமைக்காக எங்கள் தெருக்காரன் ஒருவனுக்கு வேலூர் போக்சோ கோர்ட்டில் 20 வருஷம் தண்டனை கொடுத்தார்கள். தொரப்பாடி ஜெயிலில் இருந்தான். தீர்ப்பு வந்து முழுசாக இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. போன மாதம் ரேஷன் கடை வரிசையில் என் அண்ணிக்குப் பின்னால் நான்காவது ஆளாக நிற்கிறான். அண்ணி பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். ஸ்டேஷனில் கேட்டால், "எங்களுக்கு ஒண்ணும் தகவல் இல்லம்மா, ஜெயில்ல கேளுங்க" என்கிறார்கள். ஜெயில் வாசலில், "கோர்ட்ல கேளுங்க" என்கிறார்கள். அவன் வீட்டார், "கவர்மெண்டே விட்டுட்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். பிள்ளை இப்போது பிளஸ் டூ. பஸ் ஏற மாட்டேன் என்கிறாள். அப்படி விட முடியுமா? விடுவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? இனி நாங்கள் என்ன செய்வது?

பெயர் வேண்டாம்,
குடியாத்தம் வட்டம்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இருந்த ஊர்ப்பெயரை எடுத்துவிட்டேன், உறவுமுறையையும் மாற்றிவிட்டேன். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் எந்த வழியிலும் வெளியே போகக் கூடாது என்பது போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. தீர்ப்பு நகலையோ மனுவின் புகைப்படத்தையோ உறவினர் வாட்ஸ்அப் குழுவில்கூடப் போட வேண்டாம்.

"கவர்மெண்டே விட்டுட்டாங்க" என்பது அநேகமாகப் பொய். எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 2018இலும், அண்ணா பிறந்தநாளை ஒட்டி 2021இலும் தமிழக அரசு கைதிகளை முன்கூட்டி விடுவிக்க அரசாணை போட்டது உண்மை. ஆனால் அவை பல ஆண்டுகள் உள்ளே கழித்த ஆயுள் கைதிகளுக்கானவை. பாலியல் வல்லுறவுக் குற்றவாளிகளை அந்த ஆணைகளே விலக்கி வைத்திருக்கின்றன. 20 ஆண்டில் இரண்டுகூடக் கழியாத ஒருவனுக்கு அந்தக் கதவு திறந்திருக்க வாய்ப்பே இல்லை. அந்தப் பேச்சை ஊரில் ஏன் பரப்புகிறார்கள் என்றால், கேட்டவர்கள் "அரசே மன்னித்துவிட்டது" என்று எடுத்துக்கொள்வார்கள். அதை நம்பி நீங்கள் கலெக்டர் ஆபீஸுக்கும் தலைமைச் செயலகத்துக்கும் மனுப் போட்டுக்கொண்டிருந்தால், உண்மையில் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நாள் கழிந்துவிடும்.

சிறையிலிருந்து ஒரு கைதி வெளியே வரும் வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் உத்தரவு போடுபவர் வேறு. எனவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, இவன் எந்த வழியாக வந்தான் என்பது.

என் கணிப்பு, தண்டனை நிறுத்திவைப்பு. தண்டனை பெற்றவன் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்கிறான். அது முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடும்படி கூடவே ஒரு மனுப் போடுகிறான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 389ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் இப்போது 430. மேல்முறையீடு விசாரணைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகலாம், வாதிட இடமிருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால் விட்டுவிடும். இது விடுதலை இல்லை. தீர்ப்பு அப்படியேதான் இருக்கிறது. மேல்முறையீடு தள்ளுபடியானால் மிச்சத்தைக் கழிக்கத் திரும்பத் தொரப்பாடிக்குத்தான் போக வேண்டும்.

10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள வழக்குகளில், ஜாமீனில் விடுமுன் அரசு வழக்கறிஞர் எழுத்து மூலம் ஆட்சேபிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. உங்களுக்கு இதில் ஒரு பிடி இருக்கிறது. ஆனால் சென்னையில் நிற்கும் அந்த வழக்கறிஞர் கையில் இருப்பது தீர்ப்பு நகலும் ஸ்டேஷனிலிருந்து போகும் குறிப்பும்தான். "குற்றவாளியின் வீடும் பிள்ளையின் வீடும் ஒரே தெரு, இடையில் 40 அடி, தண்ணீர்க் குழாய் பொது" என்ற வரி அந்தக் குறிப்பில் இருக்காது. அதை எழுதச் சொல்லி யாரும் போய்க் கேட்டிருக்க மாட்டார்கள். அது இல்லாததால், உத்தரவில் இரண்டு பேர் ஜாமீன், மாதம் ஒரு நாள் விசாரணை நீதிமன்றத்தில் ஆஜர் என்பது போன்ற வழக்கமான நிபந்தனைகளோடு முடிந்துவிடும். ஊருக்குள் நுழையாதே என்ற வரி வராது.

இதைச் சரிபார்ப்பது கடினமில்லை. தீர்ப்பின் முதல் பக்கத்தில் ஸ்பெஷல் எஸ்.சி. என்று தொடங்கும் வழக்கு எண் இருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அந்த எண்ணையோ ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 எழுத்துகள் கொண்ட சி.என்.ஆர். எண்ணையோ போட்டால் விசாரணை நீதிமன்ற விவரம் வரும். உயர் நீதிமன்ற இணையதளத்தில் அவன் பெயரைப் போட்டு கிரிமினல் அப்பீலைத் தேடுங்கள். பெயரின் ஆங்கில எழுத்து ஒன்று மாறினாலும் வராது. தீர்ப்பில் உள்ள எழுத்துக்கூட்டல், தந்தை பெயர் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆண்டு, தீர்ப்பு வந்த ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும். அப்பீல் கிடைத்தால் அதற்குள், தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்ட மனு கிரிமினல் எம்.பி. என்ற பெயரில் இருக்கும். அதில் போடப்பட்ட உத்தரவைப் பதிவிறக்கி, நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். அவற்றில் ஒன்றை அவன் மீறியிருந்தால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்க அரசு வழக்கறிஞருக்கு அதே 430ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. மீறாவிட்டாலும் நிபந்தனையைக் கூட்டச் சொல்லி நீங்கள் கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்பட வேண்டியவர் என்று 2022 ஏப்ரலில், உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது கார் ஏற்றிய லக்கிம்பூர் கேரி வழக்கின் ஜாமீனை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால், அவர்கள் வழியாக உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போகும். தொலைபேசி என்றால் 15100.

அப்பீலே தென்படவில்லை என்றால் அடுத்த சாத்தியம், விடுப்பு. பரோல் என்று சொல்கிறோமே, அது. தமிழ்நாட்டில் 1982இன் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி (பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் மேலே சொன்ன ஜாமீன் வேறு, இது வேறு) சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று இரண்டு வகை. நெருங்கிய உறவினரின் சாவு, கடும் நோய், கல்யாணம் என்றால் அவசர விடுப்பு, பெரும்பாலும் சில நாட்கள்தான், போலீஸ் வழிக்காவலோடும் அனுப்புவார்கள். ரேஷன் கடை வரிசையில் தனியாக நின்றான் என்றால் வழிக்காவல் இல்லை. சாதாரண விடுப்புக்கு நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து விசாரித்து அறிக்கை தர வேண்டும். அந்த விசாரணை எப்படி நடக்கிறது? கைதியின் வீட்டில் கேட்பார், பக்கத்து வீட்டில் கேட்பார், ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்பார். "வந்தால் ஊரில் பிரச்சினை வராதே?" "வராது சார்." நல்லெண்ணம் உள்ள அலுவலராக இருந்தாலும், கொடுமைக்கு ஆளான வீட்டின் வாசலை மிதிக்கத் தயங்குவார். பழைய புண்ணைக் கிளறக் கூடாது என்று நினைப்பார். அந்தத் தயக்கத்தால், அந்தத் தெருவில் கேட்கப்படாத ஒரே வீடு உங்களுடையது என்றாகிவிடுகிறது. சிறைக் கண்காணிப்பாளருக்கு முன்கூட்டியே நீங்கள் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தால், கோப்பைத் திருப்புகிறபோது அது கண்ணில் படும்.

அரசின் முன்விடுதலை உங்கள் வழக்கில் இல்லை என்றேன். ஆனால் ஆயுள் தண்டனை வழக்குக்காரர்கள் சிலரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். 2002 குஜராத் கலவரத்தில் கூட்டு வல்லுறவுக்கு ஆளான பில்கிஸ் பானுவின் வழக்கில் தண்டிக்கப்பட்ட 11 பேரை 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு விடுவித்தது. விடுதலைக்கு முன் தன் பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் தன்னிடம் விசாரிக்கவில்லை என்றுதான் அவர் சொன்னார். தண்டனை விதித்தது மும்பை நீதிமன்றம், ஆகவே முடிவெடுக்க வேண்டியது மகாராஷ்டிர அரசு, குஜராத்துக்கு அதிகாரமில்லை என்று 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. 11 பேரும் திரும்பச் சிறைக்குப் போனார்கள். 17 மாதங்கள் அவர்கள் வெளியே இருந்தார்கள். அந்த 17 மாதமும் ஒரு பெண் எந்த ஊரில், எந்தப் பெயரில் இருந்தாள் என்பதை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியாது.

2025 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலங்களில், கைதி மனுக் கொடுக்காவிட்டாலும் தகுதி வந்ததும் அரசே அவன் கோப்பைப் பரிசீலிக்க வேண்டும். இதை நான் குறை சொல்லவில்லை. படிப்பறிவில்லாத, வக்கீல் வைக்க வழியில்லாத எத்தனையோ கைதிகள் வெறும் மனு எழுதத் தெரியாததால் உள்ளேயே கிடந்திருக்கிறார்கள். எனக்கு ஆறாதது வேறு. கைதியின் கோப்பு தானாக நகரும், பாதிக்கப்பட்டவளுக்குத் தகவல் தானாக வராது. கோப்பில் கண்காணிப்பாளர் எழுதுகிறார், நன்னடத்தை அலுவலர் எழுதுகிறார், போலீஸ் எழுதுகிறது, தண்டித்த நீதிமன்றத்தின் கருத்தையும் கேட்கிறார்கள். அவளுக்கு மட்டும் பக்கம் இல்லை. "சிறையில் நடத்தை நன்று" என்று எழுதுவார்கள். பிள்ளைகள் இல்லாத இடத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் பிள்ளைகளிடம் தவறாக நடக்கவில்லை என்பதில் என்ன தெரிந்துவிடும்?

தகவல் சொல்ல வேண்டாமா என்று கேட்டீர்கள். வேண்டும். 2020இன் போக்சோ விதிகளில் 4ஆம் விதி, குழந்தைக்கும் பெற்றோருக்கும் போலீசோ, வழக்கில் குழந்தைக்குத் துணையாக நியமிக்கப்படும் ஆதரவு நபரோ சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது. குற்றவாளி ஜாமீனில் இருக்கிறானா, விடுவிக்கப்பட்டானா, காவலில் இருக்கிறானா என்பதும் அதில் உண்டு. நடைமுறையில் தீர்ப்பு வந்த அன்றோடு எல்லோரும் கையைக் கழுவிவிடுகிறார்கள். விசாரணை அதிகாரி மாற்றலாகிப் போகிறார், ஆதரவு நபருக்கு அடுத்த வழக்கு வந்துவிடுகிறது. ஸ்டேஷனில் இனி வாய்மொழியாகக் கேட்க வேண்டாம். இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

இன்னொன்று, தண்டனைக் கணக்கு. 2022 மார்ச்சில் வேலூரில் ஷேர் ஆட்டோ என்று நம்பி ஏறிய பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையில் 2025 ஜனவரியில் மகளிர் நீதிமன்றம் நால்வருக்கு 20 ஆண்டு விதித்தது. அந்த 20, தீர்ப்பு நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்கள் கழியும். நல்ல நடத்தைக்கும் சிறை வேலைக்கும் கிடைக்கும் குறைப்பு நாட்களும் கழியலாம். உங்கள் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். பல பிரிவுகளின் தண்டனை ஏககாலத்தில் என்று இருக்கிறதா, ஒன்றன்பின் ஒன்றா, எத்தனை நாள் கழிவு, இழப்பீடு எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான். இழப்பீடு வரவில்லை என்றால் அதையும் இப்போதே கேளுங்கள். உத்தரவு கிடைத்த 30 நாளில் மாநில அரசு தர வேண்டிய பணம் அது.

அவன் வீட்டார் சமாதானம் பேச வருவார்கள். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வருவார்கள், பிள்ளையின் கல்யாணத்தைச் சொல்லிப் பயம் காட்டுவார்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தக் குற்றம் சமரசம் செய்து முடிக்கக் கூடியதல்ல. அந்தத் தாள் வழக்கை முடிக்காது, ஆனால் சென்னையில் அப்பீலில் "பாதிக்கப்பட்ட தரப்புக்கே ஆட்சேபனை இல்லை" என்று நீட்டப்படும். யார் வந்தார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று அன்றே ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். எதிர்க்கடையில் கேமரா இருந்தால் உடனே ஸ்டேஷனில் சொல்லிப் பதிவை எடுக்க வையுங்கள். சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதிது ஏறிவிடும்.

மிரட்டல் என்று ஆனால் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. விசாரணை முடிந்த பிறகு வரும் மிரட்டலுக்கும் அது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுக் கொடுக்க வேண்டும். டி.எஸ்.பி. ஐந்து வேலை நாட்களுக்குள் மிரட்டல் அறிக்கை தர வேண்டும். அதில் ரோந்து, வீட்டுக்கு கேமரா, நீதிமன்றத்துக்குப் போய்வரப் பாதுகாப்பு என்றெல்லாம் கேட்க இடமுண்டு.

கடிதம் மூன்று பேருக்கு: தொரப்பாடியில் உள்ள வேலூர் மத்திய சிறையின் கண்காணிப்பாளர், மாவட்ட எஸ்.பி., தண்டித்த போக்சோ நீதிமன்றம். ஒரே கடிதம், இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மேலே வழக்கு எண், தீர்ப்புத் தேதி, கைதியின் பெயர், தந்தை பெயர். "எந்த விடுப்பு, ஜாமீன், முன்விடுதலை பரிசீலனைக்கும் முன் எங்களைக் கேட்க வேண்டும், உத்தரவானால் வெளியே வருமுன் இந்த எண்ணில் தெரிவிக்க வேண்டும்" என்று தெளிவாக எழுதி, மாறாத ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகையோடு விரைவு அஞ்சல். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபால் அதோடு சேர்ந்துவிட்டது.

"பாதுகாப்பு வேண்டும்" என்று மட்டும் எழுதினால் எந்த அதிகாரிக்கும் அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது. பிள்ளை ஏறும் பஸ் நிறுத்தத்தின் பெயரை எழுதுங்கள். காலை எத்தனை மணி பஸ், மாலை எத்தனை மணிக்கு இறங்குகிறாள், அவன் வீட்டிலிருந்து அந்த நிறுத்தம் எத்தனை அடி என்று எழுதுங்கள். காலை 7.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6 வரையும் அவன் அந்தச் சாலையில் இருக்கக் கூடாது, தேர்வு முடியும்வரை வட்டத்துக்கு வெளியே வேறு முகவரியில் தங்க வேண்டும் என்று நிபந்தனை கேளுங்கள். பிளஸ் டூ தேர்வு அட்டவணையையும் இணைத்துவிடுங்கள்.