இங்கிலாந்துல பிறந்த கொள்ளுத்தாத்தாவோட அம்மா யாரு?

கேள்வி: எங்க கொள்ளுத்தாத்தா 1890 வாக்குல இங்கிலாந்துல பிறந்தவர். அவரோட அம்மா பேரை ஆன்லைன் இன்டெக்ஸ்ல கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: தாராளமா தேடலாம்ங்க. இங்கிலாந்து, வேல்ஸ்ல 1837 ஜூலை 1ல இருந்தே சிவில் பதிவு, அதாவது பிறப்பு, இறப்பு, கல்யாணத்தை அரசாங்கம் பதியுறது இருக்கு. ஃப்ரீபிஎம்டி சைட்ல தன்னார்வலர்கள் அந்தப் பதிவுகளோட பழைய இன்டெக்ஸை (பெயர்ப் பட்டியலை) டைப் பண்ணி இலவசமா போட்டிருக்காங்க, எவ்வளவு பெரிய சேவை அது! ஆனா பழைய இன்டெக்ஸ்ல 1911 செப்டம்பர் காலாண்டுக்கு (ஜூலை முதல் செப்டம்பர் வரை) முன்னாடி அம்மாவோட பிறந்த வீட்டு குடும்பப்பேர் வராது, அதனால உங்களுக்கு ஜிஆர்ஓ, அதாவது பொதுப் பதிவாளர் அலுவலகத்தோட சொந்த ஆன்லைன் இன்டெக்ஸ்தான் சரி, அதுல அந்தப் பேரை 1837ல இருந்தே சேர்த்திருக்காங்க, அக்கவுண்ட் ஓபன் பண்ணா தேடுறது ஃப்ரீ.

ஒண்ணு கவனிங்க, காலாண்டுங்கறது பதிஞ்ச தேதியை வச்சு. டிசம்பர்ல பிறந்த குழந்தையை ஜனவரில பதிஞ்சிருந்தா அடுத்த வருஷ மார்ச் காலாண்டுலதான் இருக்கும், பலர் இங்கதான் கோட்டை விடுறாங்க. அவரோட அப்பா அம்மா கல்யாணத்தையும் தேடணும்னா, கல்யாணப் பதிவு ஜிஆர்ஓ தேடல்ல இல்ல, அதுக்கு ஃப்ரீபிஎம்டிதான். 1912க்கு முன்னாடின்னா ஜோடி பேர் இருக்காது, ஒரே காலாண்டுல ஒரே வால்யூம், ஒரே பக்க நம்பர்ல யார் யார் இருக்காங்கன்னு பார்த்துப் பொருத்தணும். அம்மாவோட முழுப்பேர் வேணும்னா பிறப்புச் சான்றிதழ் ஆர்டர் பண்ணிடுங்க.