ஓலைக்கு அடியில் கறுப்பா, வெள்ளையா?

கேள்வி: எங்கள் விளையாட்டுக் கழகப் பொடியன்கள் ஞாயிறுதோறும் வளவு வளவாகப் போய், தென்னையில் வெள்ளை ஈ இருக்கிறதா என்று பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார்கள். ஓலையெல்லாம் கரி பூசின மாதிரிக் கிடக்கிறது. வீட்டுக்காரரோ, "எழுதிக்கொண்டு திரியாமல் மருந்தை அடியுங்கோ" என்று ஏசுகிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகர், களுதாவளை

பதில்: ஏச்சை வாங்கிக்கொண்டு எழுதுங்கள் தம்பி. மருந்தை அடி என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்தான். எங்கள் கிணற்றடித் தென்னை கறுத்துப்போய், கொடியில் காயப்போட்ட வேட்டியில் பிசுபிசுவென்று புள்ளி விழத் தொடங்கியதும் வீட்டில் ஒரே சத்தம். ஆள் பிடித்து மருந்து அடிப்பித்தேன். இரண்டு கிழமை மரம் சுத்தம். பிறகு முன்னையைவிட மோசமாக வந்து இறங்கியது. அதற்குப் பிறகுதான் ஒரு லென்ஸை வாங்கி ஓலையைத் திருப்பிப் பார்த்தேன். முதலே பார்த்திருக்க வேண்டும்.

இந்தச் சுருள் வெள்ளை ஈ நம்மூர்ப் பூச்சியல்ல, மத்திய அமெரிக்கப் பக்கத்தது. 2009இல் ஃபுளோரிடாவிலும் 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளிலும் கண்டார்கள், பிறகு நம் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. ஓலையின் அடிப்பக்கம் முட்டைகளைச் சுற்றுச் சுற்றாக, மாக்கோலம் போட்ட மாதிரி, மெழுகுத் தூளோடு இடும். சாற்றைக் குடித்துவிட்டு அது கழிக்கும் இனிப்புநீர் கீழ் ஓலையில் சொட்ட, அதில் வளர்வதுதான் அந்தக் கறுப்புப் பூஞ்சணம். ஈரத் துணியால் துடைத்துக் காட்டுங்கள், உள்ளே பச்சை இருக்கும். வீட்டுக்காரருக்கு அதுவே பாதி ஆறுதல்.

மீதிப் பாதியை லென்ஸில் காட்டலாம். என்கார்சியா என்று ஒரு குளவி, கொசுவைவிடச் சின்னது. இறக்கை முளைக்காத ஈக்குஞ்சுக்குள் முட்டை இடும். குளவி உள்ளே வளர வளர அந்தக் குஞ்சு கறுத்துவிடும். வெளியே வந்தபின் ஓட்டில் வட்டமாக ஒரு துளை தெரியும். நான் அடித்த மருந்து கொன்றது இந்தக் குளவியை. ஈ மெழுகுக்குள் ஒளிந்து தப்பிவிட்டது. 2008இல் பப்பாசியில் மாப்பூச்சி வந்து மரங்கள் வெளுத்துப் போனது நினைவிருக்கிறதா? அதை அடக்கியதும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்னக் குளவிதான்.

ஆகவே கொப்பியில் 'வெள்ளை ஈ உண்டு' என்று மட்டும் எழுதினால் போதாது. வெள்ளைக் குஞ்சு எத்தனை, கறுத்தது எத்தனை என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் அதே மரம், அதே உயரத்து ஓலை. கைக்கெட்டும் செவ்விளநீர் மரங்களாகத் தெரிவு செய்தால் ஏணி தேடத் தேவையில்லை. கறுத்த குஞ்சு கூடிக்கொண்டு வருகிற வளவில் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். வெள்ளை மட்டுமே பெருகினால் சின்னக் கன்றுகளுக்கு ஓலையின் அடிப்பக்கமாகத் தண்ணீரைப் பீச்சி அடிக்கலாம், தென்னை பயிர்ச்செய்கைச் சபை அலுவலருக்கும் கொப்பியோடு போய்ச் சொல்லலாம். பூச்சியே இல்லாத மரத்தையும் விடாமல் 'இல்லை' என்று திகதி போட்டு எழுதுங்கள். பின்னர் அங்கே வந்தால், எப்போது வந்தது என்பதற்கு அந்த 'இல்லை'தான் சாட்சி. கிடுகு பின்ன வெட்டின பச்சை ஓலை எந்த ஊருக்குப் போகிறது என்றும் ஒரு வரி குறித்துவையுங்கள். ஈ லொறி ஏறுவது அதில்தான்.

கேள்வி: செவ்வண்டையும் சேர்த்துப் பார்க்கலாமா?
- அதே வாசகர்

பதில்: கட்டாயம். அது வெளியிலிருந்து வந்ததல்ல, நம்முடையதுதான், ஆனால் மரத்தையே கொல்லும். பச்சை மட்டை வெட்டிய காயத்தில் முட்டை இடும். தண்டிலே மண்ணிறச் சாறு வடிந்து, மென்று துப்பிய நார் கிடந்தால் காதை வைத்துக் கேளுங்கள்: உள்ளே நறநறவென்று புழு தின்கிற சத்தம் வரும். அந்த மரத்துக்கு அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.